செவிலியர்மேல் விழும் அடி



நான் முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். மருத்துவமனையைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். வானொலி நிலையத்தார் அழைத்தபோது நானும் என்னையே அவ்வாறு கேட்டுக்கொண்டேன். நான் மருத்துவன் அல்லேன். ஆயினும் மருத்துவமனையில் நாள்தோறும் போடப்படும் ஒரு கணக்கு எனக்கு நன்றாகப் புரியும். அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அரை லிட்டர் உப்புநீரை நான்கு மணி நேரத்தில் ஒரு நோயாளிக்கு ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் எழுதிவிட்டுச் செல்கிறார். அந்தக் குழாயில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மில்லி லிட்டருக்கு 10,000 சொட்டு. நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்துப் பாருங்கள், நிமிடத்திற்கு ஏறக்குறைய 42 சொட்டு வரும். இந்த வகுத்தலை ஏழாம் வகுப்பு மாணவனும் செய்துவிடுவான். ஆனால் நள்ளிரவில், கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளை ஒரு கண்ணாலும் சொட்டை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு, குழாயில் உள்ள சிறு சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருகி, 42 சொட்டு விழும்படி நிறுத்துவது செவிலியரின் வேலை. சொட்டு விரைந்து விழுந்தால், இதயமோ சிறுநீரகமோ நலிந்த நோயாளிக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். மெதுவாக விழுந்தால், உடலில் நீர் வற்றிய குழந்தைக்கு வேண்டிய நீர் வேண்டிய நேரத்தில் போய்ச் சேராது. ஒரு வார்டில் இப்படி எத்தனையோ புட்டிகள் தொங்கும். எண்ணுகிற அந்த மனம் கலங்கியிருந்தால் என்ன ஆகும்? இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

'செவிலி' என்பது நம் பழஞ்சொல். சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய்க்குச் செவிலித்தாய் என்று பெயர். தோழியின் தாயும் அவளே. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. ஆங்கிலத்தில் நர்ஸ் என்று வழங்கிய சொல்லுக்கு ஈடாக நம்மவர்கள் இச்சொல்லைத் தேர்ந்தெடுத்தது மிகப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். தாய் என்று பெயரிட்டுவிட்டு அத்தாயைக் கைநீட்டி அடிக்கவும் செய்கிறோம் என்பதுதான் பொருந்தாத பகுதி.

உலக நல நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. மருத்துவப் பணியாளருள் நூற்றுக்கு 8 பேர் முதல் 38 பேர் வரை தம் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் உடலளவில் தாக்கப்படுகின்றனர். வசை, மிரட்டல், தகாத சொல், பாலியல் தொல்லை ஆகியவற்றையும் சேர்த்தால் எண் இன்னும் மேலே போகும். 2019 ஆம் ஆண்டில் பல நாடுகளைச் சேர்ந்த 253 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அறிஞர்கள், ஓராண்டுக்குள் ஏதேனும் ஒருவகை வன்முறைக்கு ஆளானோர் நூற்றுக்கு 62 பேர் என்று கண்டனர். இவ்வளவு பேர் அடியும் வசையும் பட்டும் நம் காதுக்கு எட்டுவது மிகச் சில. ஏன் என்பதை என் மாணவி ஒருத்தி வாயால் பின்னர்க் கேட்பீர்கள். அதற்குமுன் என்னைப் பற்றிய செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல நாணமாக இருக்கிறது. சொல்லாமல் மேலே பேசுவது அதைவிடப் பெரிய நாணம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனார் நோயுற்று ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது இங்கு வேண்டா. இரவு இரண்டு மணி இருக்கும். புட்டியில் நீர் தீர்ந்து, குழாயில் இரத்தம் மேலேறி வருவதைக் கண்டேன். எனக்கு உயிரே போய்விட்டது. வார்டின் மறுகோடியில் ஒரு செவிலியர் வேறொரு படுக்கையருகே குனிந்து நின்றார். கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம் ஐயா" என்றார். அந்த ஒரு நிமிடம் பொறுக்க எனக்கு மனமில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புகளுக்குக் கேட்கும் என் குரலை எழுப்பி, "உனக்குக் கண் தெரியவில்லையா? தூங்கவா சம்பளம் தருகிறார்கள்?" என்று கத்தினேன். 'நீ', 'உனக்கு' என்றேன் என்பதைக் கவனியுங்கள். என் மகள் வயதினள். ஆயினும் முன்பின் அறியாத ஒருவரை அப்படிச் சொல்ல எனக்கு உரிமை ஏது? கத்தியதோடு நில்லாமல், எழுந்து அவரை நோக்கிக் கைவிரலை நீட்டிக்கொண்டு விரைந்தேன். அடித்தேனில்லை. ஆனால் ஆறடி உயரமுள்ள ஒருவன் நள்ளிரவில் விரைந்து வருவதைக் காணும் பெண்ணுக்கு அவன் அடிக்கமாட்டான் என்பது எப்படித் தெரியும்?

அருகே சென்ற பிறகே கண்டேன். அந்தப் படுக்கையில் ஓர் இளைஞனுக்கு வலிப்பு வந்து, அவன் கீழே விழாதபடி அவர் தம் உடம்பால் தாங்கிக்கொண்டிருந்தார்.

வலிப்பு நின்றதும் அவர் வந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. புதுப் புட்டியை மாட்டினார். கை நடுங்கிற்று. சொட்டை எண்ணினார், நடுவில் விட்டுவிட்டு மீண்டும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு எதிர்ப் படுக்கைக்கு ஊசிமருந்து எடுத்துக்கொண்டு போனவர், பாதி வழியில் நின்று, திரும்பி மேசைக்கு வந்து, நோயாளியின் தாளை மறுபடி படித்தார். போனார், மறுபடி திரும்பினார். மூன்றாம் முறைதான் ஊசி போட்டார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஓர் ஐயமும் எழவில்லை. அந்தக் காட்சியை வகுப்பறையில் நூறுமுறை கண்டவன் நான். அடிபட்ட பிள்ளை ஏழும் எட்டும் பதினைந்து என்பதையும் விரல்விட்டு எண்ணும். எண்ணியதை அழித்துவிட்டு மறுபடி எண்ணும். இறுதியில் தவறாக எழுதும். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் பல மறந்துவிட்டன. அஞ்சிய மனம் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே முழுதும் ஈடுபடும், பாடத்திற்கு மிச்சம் வைக்காது என்ற ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதை அறிந்திருந்தும் என் தொடக்க ஆண்டுகளில் நான் பிரம்பு எடுத்தவனே. அது வேறு கதை.

என் ஒருவனுடைய கண்ணை நம்பிச் சொல்வதாக நினைக்க வேண்டா. இதையே முறைப்படி சோதித்துப் பார்த்திருக்கின்றனர். 2015 இல் வெளியான ஆய்வு ஒன்று. இஸ்ரேல் நாட்டில், பச்சிளங் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவரும் செவிலியருமாக 24 குழுக்களைத் தேர்ந்தனர். குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலை திடீரென மோசமாகிறது என்று பொம்மைக் குழந்தையை வைத்து ஒரு பயிற்சி. அயல்நாட்டு வல்லுநர் என்று அறிமுகம் செய்யப்பட்ட ஒருவர், சில குழுக்களிடம் பொதுவாகப் பேசினார். மற்றக் குழுக்களிடம் உங்கள் நாட்டு மருத்துவத்தின் தரம் எனக்குப் பிடிக்கவில்லை என்னும் பொருள்படச் சற்று இளக்காரமாகப் பேசினார். அடி இல்லை, வசை இல்லை, இளக்காரம் மட்டுமே. அதைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் கைவேலையிலும் பின்தங்கின. அவர்கள் ஒருவரோடு ஒருவர் செய்தியைப் பகிர்ந்துகொள்வதும், உதவி கேட்பதும் குறைந்துபோயின. 2017 இல் அவர்களே மற்றோர் ஆய்வு செய்தனர். அதில் கடுஞ்சொல் சொன்னவள் குழந்தையின் தாயாக நடித்த ஒரு பெண். முடிவு ஏறக்குறைய அதேதான். தன் குழந்தையைக் காப்பாற்ற வேண்டிய கைகளின் திறமையை அத்தாயின் சொல்லே குறைத்துவிட்டது. என் தமையனாருக்கு நான் செய்ததும் அதுவே.

இனி என் மாணவியின் கதைக்கு வருகிறேன். பெயர் சொல்ல அவள் விரும்பவில்லை. கணக்கில் மிகக் கெட்டிக்காரி. செவிலியர் பட்டப்படிப்பு முடித்து ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணியில் சேர்ந்தாள். ஒருநாள் மாலை விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தனர். கொண்டுவரும்போதே உயிர் ஊசலாடிற்று. மருத்துவர் முயன்றும் பயனில்லை. இறந்துவிட்டார். உடனே மற்றொரு விபத்து வந்துவிட, மருத்துவர் அறுவைக் கூடத்திற்கு ஓடினார். இறந்தவரின் உறவினர் பதினைந்து பேர் உள்ளே நுழைந்தபோது அங்கே நின்றவள் இவள் ஒருத்தி. "என்ன செய்தாய்?" என்று கேட்டு ஒருவர் கன்னத்தில் அறைந்தார். காதில் பல நாள் இரைச்சல் நிற்கவில்லையாம்.

"ஏனம்மா, எழுதிக் கொடுக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"எழுதிக் கொடுத்தால் என்னைத்தான் சார் முதலில் விசாரிப்பாங்க. நீ என்ன சொன்னே, எப்படிச் சொன்னேன்னு கேட்பாங்க. அப்புறம் ஸ்டேஷன், கோர்ட்டு. லீவு யார் தருவாங்க?" என்றாள்.

தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு இத்தயக்கம் இன்னும் மிகுதி. வேலை நிலையாகும் வரை வாய் திறவாதே என்று வீட்டாரே சொல்லிவிடுவர். இதனால்தான் நமக்குக் கிடைக்கும் கணக்கெல்லாம் குறைக்கணக்கு என்றேன்.

அவள் சொன்னவற்றுள் என் நெஞ்சில் தைத்தது வேறொன்று. "முன்னெல்லாம் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து பேசுவேன் சார். இப்ப கால்மாட்டிலே நின்னு பேசுறேன். சுவருக்கு முதுகைக் காட்டி நிக்கிறேன்" என்றாள்.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தலைமாட்டிலிருந்து கால்மாட்டிற்கு ஆறடி தொலைவு. தலைமாட்டில் இருப்பவருக்கு உதட்டின் நீலம் தெரியும். நெற்றியின் குளிர்ந்த வியர்வை கையில் படும். மூச்சின் ஓசை மாறுவது காதில் விழும். "சிஸ்டர், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்று நோயாளி முணுமுணுப்பது கேட்கும். கால்மாட்டில் நிற்பவருக்கு இவற்றில் பாதி கிடைக்காது. நோயாளியின் நிலை கெடத் தொடங்குவதை முதலில் காண்பவர் பெரும்பாலும் செவிலியரே. மருத்துவர் வந்து பார்த்துப் போவது சில நிமிடம். செவிலியர் இருப்பது இரவு பகலாக. அவர் ஆறடி தள்ளி நிற்கப் பழகிவிட்டால் அந்த முதற்காட்சி தவறிவிடும். அறைந்தவர் அன்றே ஊருக்குப் போய்விட்டார். அந்த அறையின் பயனை, அவரை முன்பின் அறியாத நோயாளிகள், மாதக்கணக்காக அனுபவிக்கின்றனர்.

மருந்து கொடுப்பதிலும் இதே நிலைமை. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என ஐந்தைச் சரிபார்க்கச் செவிலியர்க்குப் பயிற்சியிலேயே கற்பிக்கின்றனர். இவ்வைந்தும் ஒவ்வொரு மாத்திரைக்கும், ஒவ்வொரு ஊசிக்கும். வாசலில் ஒருவர் கூச்சலிடும்போது ஐந்தும் நினைவில் நிற்க வேண்டும். அச்சத்தின் மற்ற விளைவுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்: தூக்கமின்மை, அடிக்கடி விடுப்பு, அவசரப் பிரிவு வேண்டா என்ற மாற்றல் மனு, இறுதியில் தொழிலையே விடுதல். ஒருவர் போனால் அவர் பங்கு மற்றவர் தலையில் ஏறுகிறது. பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. உங்கள் ஊர் மருத்துவமனை வார்டில் எத்தனை பேருக்கு ஒருவர் என்று நீங்களே ஒருநாள் எண்ணிப் பாருங்கள். ஆள் குறைந்தால் காத்திருப்பு நீளும். காத்திருப்பு நீண்டால் சினம் ஏறும். சினம் ஏறினால் மறுபடி அடி. நான் கத்திய இரவில் அந்த வார்டில் இருந்தவர் ஒரே ஒரு செவிலியர் என்பது எனக்குப் பின்னர்த்தான் உறைத்தது.

மருந்து இருப்பில் இல்லாமைக்கும், படுக்கை இல்லாமைக்கும், மருத்துவர் வராமைக்கும் செவிலியர் காரணர் அல்லர். ஆனால் அவற்றையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவர் அவர். கெட்ட செய்தியைச் செய்தவரை விடச் சொன்னவரைத் தாக்குவது எளிது.

அடிப்பவர் எப்போதும் வெளியாரே என்றும் எண்ணிவிட வேண்டா. உடன் பணியாற்றுபவராலும் செவிலியர்க்குத் தீங்கு நேர்வதுண்டு. அவ்வகையில் நம் நாடு மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று பம்பாயில் நடந்தது. கருநாடகத்தின் கடற்கரைச் சிற்றூரான ஹல்திப்பூரிலிருந்து வந்து, கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர் அருணா ஷான்பாக். வயது 25, திருமணம் உறுதியாகியிருந்தது. 1973 நவம்பர் 27 ஆம் நாள் மாலை, பணி முடிந்து உடைமாற்ற அடித்தளத்து அறைக்குச் சென்றவரை, அங்கேயே துப்புரவுப் பணி செய்துவந்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கிக் கொடுமை செய்தான். வேலையில் அவனை அவர் கண்டித்திருந்தார் என்பது வழக்கில் பேசப்பட்ட காரணம். மூளைக்குக் காற்று செல்லாமையால் அவர் மீண்டும் எழவேயில்லை. அவனுக்குக் கிடைத்தது 7 ஆண்டுச் சிறை. அவருக்கு 41 ஆண்டுகளுக்கு மேல் படுக்கை.

பம்பாயின் செவிலியர் அப்போதே வேலைநிறுத்தம் செய்து பாதுகாப்புக் கேட்டனர். அதைவிட எனக்கு வியப்பூட்டுவது பிறகு நடந்தது. அவரை அங்கிருந்து அகற்ற முயற்சி நடந்தபோது செவிலியர் தடுத்துவிட்டனர். அதே மருத்துவமனையில், அதே வார்டில், தலைமுறை தலைமுறையாக அவரைக் குளிப்பாட்டினர், ஊட்டினர், புரட்டிப் படுக்கவைத்தனர். அவர் தாக்கப்பட்ட ஆண்டில் பிறந்தே இராத பெண்கள் பணிக்கு வந்து அவரைத் தங்கள் மூத்தாளாக ஏற்றுப் பேணினர். அவருக்கு அமைதியான முடிவு வேண்டி ஒருவர் தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோரிக்கையை மறுத்த நீதிபதிகள், அச்செவிலியரின் தொண்டை வாயாரப் போற்றினர். அத்தனை ஆண்டுப் படுக்கையிலும் அவர் உடம்பில் படுக்கைப் புண் இல்லை என்று மருத்துவர்கள் கண்டனர். படுக்கைப் புண் வராமல் காக்க வேண்டுமாயின் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைத் திருப்ப வேண்டும். நாற்பது ஆண்டுக்கு அது எத்தனை முறை என்று நீங்கள் பெருக்கிக்கொள்ளுங்கள். 2015 மே 18 ஆம் நாள் நிமோனியாக் காய்ச்சலால் அவர் இறந்தார்.

இந்நிகழ்ச்சியில் ஒரு சிறு செய்தியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர் போனது உடைமாற்ற. அதற்கென்று காவலுள்ள ஓர் அறை இருந்திருந்தால்? ஐம்பது ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் 9 ஆம் நாள், கல்கத்தாவில் பயிற்சி மருத்துவராக இருந்த இளம்பெண் ஒருவர் மருத்துவமனைக் கருத்தரங்கக் கூடத்தில் கொல்லப்பட்டபோதும் நாடு கேட்ட கேள்விகளுள் இரவுப் பணியில் இருப்போர் இளைப்பாற ஓர் அறை எங்கே என்பதும் ஒன்று.

சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவப் பணியாளரையும் மருத்துவமனைகளையும் காக்கத் தமிழ்நாட்டில் 2008 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவர், செவிலியர், மருத்துவ மாணவர் யாவரும் அதன் காப்பில் அடங்குவர். தாக்குவோர்க்கு 10 ஆண்டு வரை சிறை; ஜாமீனில் விட இயலாத குற்றம். கொரோனாத் தொற்றின்போது, 2020 ஏப்ரல் 22 ஆம் நாள், மத்திய அரசும் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பெருங்காயம் விளைத்தவர்க்கு 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறையும், ஒரு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் விதிக்கப்பட்டன. ஆயினும் அச்சட்டம் கொள்ளைநோய்க் காலத்திற்கு உரியது. 2024 ஆகஸ்ட் 16 ஆம் நாள் மத்திய அரசின் மருத்துவமனைகளுக்கு விடுத்த ஆணை ஒன்று எனக்கு மிகப் பிடித்திருந்தது. தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்திற்குள் நிறுவனத் தலைவரே காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்யச் செய்ய வேண்டும் என்பது அது. புகாரின் சுமை அடிபட்டவர் தோளிலிருந்து இறங்குகிறது. என் மாணவியிடம் இதைச் சொன்னபோது, "எங்க ஆஸ்பத்திரிக்கும் வருமா சார்?" என்று கேட்டாள்.

நீங்கள் இளைஞர்கள். நாளைக்கு உங்கள் பாட்டியோ தம்பியோ வார்டில் படுக்கும்போது உடன் நிற்கப் போகிறவர்கள் நீங்களே. உறவினர் பத்துப் பேர் சூழ்ந்து கேட்பதை விட ஒருவரைத் தேர்ந்து அவர்மூலம் கேட்பது நல்லது. புட்டி தீரப் போகிறது என்பதை அது தீர்ந்தபின் கத்துவதினும், கால்பங்கு இருக்கும்போதே போய்ச் சொல்லலாம். எனக்கு அன்று இது தோன்றவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு பஞ்சாங்கம் படித்துக்கொண்டிருந்தேன்.

தமையனார் நலமடைந்து வீடு திரும்பும் நாள் வந்தது. அந்தச் செவிலியரைக் கண்டு மன்னிப்புக் கேட்க எண்ணி வார்டு மேசைக்குச் சென்றேன். அங்கே வேறொருவர் இருந்தார். "செவ்வாய்க்கிழமை இரவு இங்கே பணியில் இருந்த சிஸ்டரைப் பார்க்க வேண்டும்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் இறுகிற்று. இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார். "புகாரா ஐயா?" என்றார்.

"புகார் இல்லை அம்மா, ஒரு நன்றி சொல்ல வேண்டும்" என்றேன். மன்னிப்பு என்ற சொல் அப்போதும் வாயில் வரவில்லை. "அவர் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இன்னிக்கு லீவுங்க ஐயா" என்றார். பெயரைச் சொல்லவில்லை.